ஈபி குடுக்குற ஸ்ருதி

ஜூலை 5, சனி

ரிச்சி ஸ்ட்ரீட் போயிட்டு இப்பதான் வீடு வந்தேன், சனிக்கிழமை கூட்டம், மவுண்ட் ரோட்டுல இருந்து உள்ள நுழையறதுக்கே நாக்கு தள்ளிடுச்சு. வெளிச்சத்த சத்தமா மாத்தி காதால கேக்கணும், அதுக்குத்தான் இந்த அலைச்சல். வாங்குனது கொஞ்சம்தான், பேம்8403 ஆம்ப்ளிஃபையர் போர்டு ஒண்ணு, எக்ஸைட்டர் ஒண்ணு. எக்ஸைட்டர்னா காகிதக் கூம்பு இல்லாத ஸ்பீக்கர், எது மேல ஒட்டுறமோ அந்த சாமானே ஸ்பீக்கர் ஆயிடும். "காலேஜ் ப்ராஜெக்டா தம்பி"ன்னு கடைக்காரர் கேட்டாரு, இல்லண்ணே குடத்துல ஒட்டப்போறேன்னு சொன்னதும் பில்லு எழுதுறத நிறுத்திட்டு ஒரு பார்வ பாத்தாரு.

சோலார் தகடு வாங்கல. மொட்டைமாடில ரொம்ப நாளா எரியாம கிடந்த கார்டன் லைட்ட பிரிச்சேன், போனது பேட்டரிதான், தகடு நல்லாவே இருக்கு.

ஜூலை 6, ஞாயிறு

கனெக்ஷன் ரொம்ப சிம்பிள். தகட்டோட ரெண்டு வயர் போர்டோட இன்புட்டுக்கு, நடுவுல ஒரு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அவுட்புட்ல பழைய ரேடியோ ஸ்பீக்கர், பவருக்கு பவர் பேங்க். செவுத்து பிளக் பக்கமே போகல, இந்த மாதிரி வேலைக்கு அதுதான் நல்லது.

வெயில்ல காட்டுனா சத்தமே இல்ல. ஏன்னா வெளிச்சம் ஒரே சீரா விழுது, சீரான வோல்டேஜ கெப்பாசிட்டர் விடாது, ஏறி இறங்குறத மட்டும்தான் உள்ள விடும். விரல தகட்டு முன்னாடி ஆட்டுனா புடு புடுன்னு வருது. டார்ச்ச அடிச்சுட்டு சீப்ப குறுக்கால இழுத்தா 'ஸ்ர்ர்ர்ப்'. டிவி ரிமோட்ட அமுக்குனா நமக்குத் தெரியாத வெளிச்சம் அது, ஆனா தகட்டுக்குத் தெரியுது, ட்ர்ர்ர் ட்ர்ர்ர்னு கத்துது. ஹால்ல இருக்க பழைய சோக் வெச்ச டியூப்லைட் பக்கம் காட்டினேன் பாருங்க, ங்ங்ங்ங்னு ஒரு தம்புரா! கையால தகட்ட மூடுனா டக்குனு நிக்குது, அப்ப ஆம்ப்ளிஃபையர் இரைச்சல் இல்ல, வெளிச்சத்தோட சத்தமேதான்.

கரண்ட் செகண்டுக்கு 50 தடவ முன்னயும் பின்னயும் போகுது, ஒவ்வொரு போக்குக்கும் வரத்துக்கும் டியூப்லைட் ஒருவாட்டி பளிச்சுங்குது, ஆக 100 ஹெர்ட்ஸ். கண்ணு இத பாக்காது, காது விடாது. அம்மா அடுப்படில இருந்து "என்னடா அது, வண்டு கிண்டு பூந்துடுச்சா"ன்னாங்க.

இதெல்லாம் புதுசு இல்ல, டெலிஃபோன் கிரஹாம் பெல் 1880லயே வெளிச்சத்துல பேச்ச ஏத்தி அனுப்பி அந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கரண்ட விடுற செலினியம் வெச்சு கேட்டிருக்காரு.

ஜூலை 8, செவ்வாய்

எக்ஸைட்டர எவர்சில்வர் குடத்தோட வயித்துல ஒட்டியாச்சு. டியூப்லைட் சத்தம் இப்ப குடத்துல இருந்து வருது, ஆனா அதே சத்தம் இல்ல. குடத்துக்கு 100 எல்லாம் ரொம்ப கீழ, அது அந்த சத்தத்துக்குள்ள இருக்க 300, 500, 700னு மேல் சத்தங்கள்ல தனக்குப் பிடிச்சத மட்டும் எடுத்துக்குது, மத்தத விட்டுடுது. குண்டு பல்பு காட்டுனா குடம் சும்மா உம்முனு இருக்கு, ஏன்னா அந்தக் கம்பி ஆறவே நேரம் பத்தாது, வெளிச்சம் வழுவழுன்னு ஏறி இறங்கும், மேல் சத்தமே கம்மி.

அப்புறம் சொம்புல தண்ணி எடுத்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனேன். அடடா. தண்ணி ஏற ஏற குடத்துச் செவுரு கனமாகி அதோட ஓசை இறங்குது, ஜலதரங்கக் கிண்ணத்துல நடக்குற அதே கதை, ஆனா இங்க டியூப்லைட் சத்தம் மாறாம அப்படியே நிக்குது, அதனால உள்ள இருக்க மேல் சத்தங்கள்ல ஒண்ணு அணைய அதுக்குக் கீழ இன்னொண்ணு முழிச்சுக்குதுன்னு படிப்படியா இறங்கி வருது. ராத்திரி பூரா ஊத்தி ஊத்தி கவுத்துட்டு இருந்தேன், தண்ணிய வீணாக்குறன்னு திட்டு வேற.

சாமானையே ஸ்பீக்கர் ஆக்குறத 1968ல டேவிட் டியூடர்னு அமெரிக்க இசைக்கலைஞர் 'ரெயின்ஃபாரஸ்ட்'ங்கற இசைப் படைப்புல பண்ணிட்டாரு. அடுத்த வருஷமே 1969ல அவர் அகமதாபாத் தேசிய டிசைன் நிறுவனத்துக்கு வந்து எலக்ட்ரானிக்கா இசை உண்டாக்குற மூக் சிந்தசைசர் வெச்சு ஸ்டுடியோ போட்டுக் குடுத்தாரு. நம்ம ஊர்ல எலக்ட்ரானிக் இசைனாலே சினிமா கீபோர்டுல இருந்துதான் கதைய ஆரம்பிக்கிறாங்க, கடுப்பா இருக்கு.

ஜூலை 11, வெள்ளி

வேலை அதிகம், ஒண்ணும் பண்ணல. பஸ்ல யோசிச்சது மட்டும். 2013 டிசம்பர் 31ல ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியா தென்னிந்திய கிரிட், அதாவது கரண்ட் லைன் வலை, மத்த கிரிட்டோட சேர்ந்துச்சு, அன்னிலருந்து கிட்டத்தட்ட நாடு மொத்தமும் ஒரே தாளத்துல ஓடுது. அப்ப பெரம்பூர் டியூப்லைட்டும் டெல்லி டியூப்லைட்டும் ஒரே நேரத்துல ஒரே ஸ்ருதி. 49.90ல இருந்து 50.05 ஹெர்ட்ஸுக்குள்ள நிக்கணும்னு விதி, லோடு ஏறுனா ஹெர்ட்ஸ் துளி இறங்கும், அப்படி இறங்குனா எல்லாருக்கும் சேந்துதான் இறங்கும். தானாவே ஸ்ருதி போடுற ஆசிலேட்டர் சர்க்யூட் கட்டலாம்னு இருந்தேன், வேணாம். ஈபி குடுக்குறத தவிர வேற ஸ்ருதி எதுவும் உள்ள விடப்போறதில்ல.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

தெருமுனைல சவுக்கு கட்டி சீரியல் லைட் அம்மன் நிறுத்திட்டாங்க, ரெண்டு மாடி உயரம், கைல சூலம், தலைக்குப் பின்னாடி சக்கரம். சாயந்திரம் பம்பை உடுக்கை லவுட்ஸ்பீக்கர்னு ஒண்ணும் கேக்காது, பத்து மணிக்கு மைக் செட் ஆஃப் ஆனதும் தகடு, போர்டு, ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பைல போட்டுட்டு போனேன்.

டீக்கடை டியூப்லைட் பழைய நண்பர், 100. அம்மன் பக்கம் திருப்புனா சரியா ஒரு ஸ்தாயி கீழ, 50! இந்த மாதிரி விலை கம்மி சீரியல் பல்பு கரண்டோட ஒரு போக்குல மட்டும் எரியும், திரும்பி வரப்ப அணைஞ்சுடும், அதான் பாதி. ரெண்டுக்கும் நடுவுல நின்னு தகட்ட சாய்ச்சா மேல் ஷட்ஜமும் கீழ் ஷட்ஜமும் சேந்து வருது. சூலம் விட்டு விட்டு எரியுறதால கும்-கும்-கும், சக்கரம் சுத்துறது தடதடதட. பைக் ஒண்ணு கடந்தா அதோட ஹெட்லைட் தகட்டுல விழுந்து ஒரு 'தொப்'.

ஜூலை 19, சனி

இன்னிக்கு சீரியல் செட் போடுற அண்ணன் என்னைப் பிடிச்சுட்டாரு. "நேத்து ராத்திரி ஏணி பக்கத்துல என்ன பண்ணிட்டு இருந்த." கேளுங்கண்ணேன்னு ஸ்பீக்கர அவர் கைல குடுத்தேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் கன்ட்ரோலர் பெட்டிய திறந்து ஸ்பீட் குமிழ திருக ஆரம்பிச்சாரு, தடதட வேகமாகி கிர்ர்ருனு ஆச்சு, மெதுவாக்குனாரு, மறுபடி ஏத்துனாரு. முன்னெல்லாம் மோட்டார்ல சுத்துற உருளைல செம்புத் தகடு ஒட்டி அதுல கரண்ட தொட்டு தொட்டு விடுவோம், அப்ப இந்த சத்தம் பெட்டிக்குள்ளயே கேக்கும்னாரு.

நாளைக்கு கூழ் ஊத்துறாங்க, குடத்த கொண்டாந்து அம்மனுக்கு முன்னாடி வைன்னு சொல்லிட்டாரு. தகட்டுல இருந்து குடத்துக்கு நீள வயர் வேணும், சாதா வயர் போட்டா பக்கத்துல ஓடுற கரண்டோட இரைச்சலையே இழுத்துக்கும், ஷீல்டு வயர்தான் வேணும், ஞாயித்துக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்ல கடையே இருக்காதேன்னு புலம்பினேன். "மைக் வயர் கட்டு கட்டா கிடக்கு, எடுத்துக்கோ. சீரியல் செட்டுல மட்டும் கை வெச்சுடாத."