விறகுக்கு ஒரு பெயர்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பல வருஷம் டீ மேக்கராக, அதாவது இலை தூளாகிற வரை பக்குவம் பார்ப்பவனாக, இருந்தேன். பாதிக்கு மேல் நைட் ஷிஃப்ட்தான். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஆலை அது. சீசனில் ராப்பகலாக ஓடும்.

சேர்ந்த புதிதில் நான் பெரிய ஜெபவீரன் என்ற நினைப்பு எனக்கு. ராத்திரி 12 மணிக்கு ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் முழங்காலில் நிற்பேன். ஒரு நாள் அப்படி நிற்கும்போது வெளியே சி.டி.சி. என்கிற இலை வெட்டும் மெஷினில் வெட்டி விழுந்த இலை புளித்துக்கொண்டிருந்தது. டீ மேக்கருக்கு மூக்குக்கு வேலை வருவதே அப்போதுதான். பச்சை நிறம் செம்பு நிறமாகும், பச்சை வாடை போய் இனிப்பாக ஒரு மணம் எழும். அது எழுகிற நேரம் பார்த்து டிரையருக்குத் தள்ள வேண்டும். நான் ஆமென் சொல்லி வெளியே வந்தபோது மணம் எழுந்து அடங்கியே போயிருந்தது. காலையில் வெந்நீரில் போட்டுப் பார்த்தால் நிறம் இருக்கிறது, உயிர் இல்லை.

மேனேஜர் திட்டினார். விசுவாசத்துக்காகப் பாடுபடுகிறேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சுத்தப் பொய். அந்த அரை மணி நேரம் எனக்குக் கால் வலிக்கு ஓய்வாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளச் சில வருஷம் ஆனது.

டிரையருக்குச் சூடு கொடுக்கும் அடுப்பில் ஓர் அண்ணன் விறகு போடுவார். எங்கள் சபைக்காரர்தான், ஆனால் ஜெபக்கூட்டத்தில் வாய் திறந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டையைத் தள்ளும்போதும் ஏதோ முணுமுணுப்பார். கணக்கு வைக்கிறார் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன்.

"கணக்கெல்லாம் இல்ல தம்பி. கட்டைக்கு ஒரு பேரு சொல்லி ஆண்டவர்கிட்ட விடுறேன்."

"எல்லாருக்குமா?"

"ஆமா. ஈரக் கட்டை வந்தா மேனேஜர் பேரு. அதுதான் சீக்கிரம் பத்தாது."

சிரித்தேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி ஆபீஸ் அறைக்குப் போகக் கூச்சமாக இருந்தது.

"இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு என்று எண்ணியிருந்தேன். அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், ஒருவருக்கும் பாரமாக இராதபடி இரவும் பகலும் வேலை செய்தோம் என்கிறார். கூடாரம் பண்ணுவது அவர் தொழில். இரவும் பகலும் வேலை செய்தவர் இடைவிடாமல் ஜெபிக்கவும் சொல்கிறார் என்றால், இரண்டுக்கும் தனித்தனி மணி நேரம் அவரிடம் இருந்திருக்காது.

சரி, நானும் ஆரம்பித்தேன். வாட்டுகிற தொட்டியில் இலையைப் புரட்டும்போது ஒரு வரி, டிரையர் வெப்பமானியைப் பார்க்கும்போது ஒரு வரி. மூன்று நாள் நடக்கும், நான்கு நாள் மறந்துபோகும். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்திப் பக்கமெல்லாம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அந்த நாட்களில் யாரும் ஞாபகப்படுத்தாமலே எல்லாரும் ஜெபித்தோம். பயம் வந்தால் அது தானாக வரும். ஒன்றும் நடக்காத செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் எனக்குக் கஷ்டம். கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் வேறு மதத்தவர்கள். சத்தம் போட்டு ஜெபித்து அவர்களைச் சங்கடப்படுத்தவும் பிடிக்கவில்லை. அதனால் என் ஜெபங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன.

ரொம்பச் சின்னதை வேதாகமத்தில் நெகேமியாவிடம் படித்தேன். அவர் ராஜாவுக்குத் திராட்சரசம் பரிமாறும் பானபாத்திரக்காரர். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறார். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டுப் பதில் சொல்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு மூச்சு.

அந்த ஒரு மூச்சு எனக்குத் தேவைப்பட்டது எடை மேடையில். மழை நாளில் இலை நனைந்து வரும், தண்ணீருக்கென்று எடையில் கழிப்போம். தினமும் சண்டைதான். ஒரு சாயங்காலம் கோணியை இறக்கிய பெரியவர் ஒருவர் என் சட்டையைப் பிடிக்காத குறை. நான் மூச்சை இழுத்து, "ஆண்டவரே, என் வாய்" என்றேன், மனசுக்குள். அப்புறமும் கழித்தது கழித்ததுதான், ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை. குரலை மட்டும் உயர்த்தவில்லை. பெரியவர் திட்டிக்கொண்டே போனார். ஜெபம் கேட்கப்பட்டதா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை.

ராத்திரி அடுப்பருகே போய், "அண்ணே, இன்னைக்கு அந்தப் பெரியவர் பேரையும் சேர்த்துக்குங்க" என்றேன்.

அவர் அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவி என் கையில் கொடுத்தார். "நீங்களே போடுங்க தம்பி."

நல்ல ஈரக் கட்டை.