வேதபாட சாரும் என் அவிசுவாசமும்

வேதபாட சார் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார் என்ற செய்தி நம் தரங்கம்பாடிப் பள்ளிப் பழைய மாணவர் சங்க வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்துக்குள் கைகூப்புகள் வரிசையாக வந்து நிறைந்தன. சிலர் அவரது பிரம்பை நினைவுகூர்ந்தார்கள். சிலர் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவர் ஏரோது வேஷம் கட்டியதைச் சொன்னார்கள். விடுதியில் அவரோடு அதிகம் பேசியவன் என்பதால் மலர்க்குழு என்னை எழுதச் சொன்னது. பிரம்பையும் நாடகத்தையும் மற்றவர்கள் எழுதட்டும். அவர் இல்லாவிட்டால் நான் இன்று விசுவாசியாக இருந்திருக்க மாட்டேன். அதை மட்டும்தான் என்னால் எழுத முடியும்.

முதல் மணி, கிணற்றடி, காலை ஜெபம், வியாழக்கிழமை முட்டைக் குழம்பு இதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஆக்கூர்ப் பக்கத்தில் ஒரு சேரிச் சபைக்கு உபதேசியார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே சபைச் சீர்திருத்தக்காரர் லூத்தர் விசுவாசத்தைக் கற்பிக்க எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் பாதி எனக்கு மனப்பாடம். விடுதிக்கு வந்த பிறகு வேதாகமப் போட்டிகளில் பரிசு வாங்கிக்கொண்டே இருந்தேன். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைக்கு முன் தாங்களே அறிக்கையிடும் சடங்கான திடப்படுத்தலுக்கு வகுப்பு தொடங்கியபோது நான்தான் முதல் வரிசை.

1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல் உங்களில் என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. எங்கள் சேரியில் ஒரு மண்சுவர் இடிந்து விழுந்ததில், என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்த ஒருவன் செத்துப்போனான். அப்பாதான் அடக்கம் செய்தார். அடுத்த ஞாயிறு, கூரை பறந்துபோன ஜெபவீட்டில், ஈரமண்ணில் நின்றுகொண்டு அப்பா நூற்றிமூன்றாம் சங்கீதம் வாசித்தார். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி." எனக்கு வாய் திறக்கவில்லை. அவனுடைய அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு உள்ளே ஏதோ அணைந்துபோனது. யாரிடமும் சொல்லவில்லை. பரிசு வாங்குவது மட்டும் தொடர்ந்தது.

மறு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பு. ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு லூத்தர் எழுதிய விளக்கத்தைச் சொல்லச் சொன்னார் சார். தடங்கலில்லாமல் சொன்னேன்.

"இது லூத்தர் சொன்னது. நீ என்ன சொல்றே?"

பதில் வரவில்லை. திரும்பவும் கேட்டார். மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தது. "நான் நம்பலை சார்" என்று சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். சார் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "சரி, அப்படின்னா இந்த வருஷம் உனக்குத் திடப்படுத்தல் வேண்டாம்" என்றார். அடுத்த பையனிடம் போய்விட்டார்.

குருத்தோலை ஞாயிறு அன்று நம் வகுப்பு வெள்ளைச் சட்டையில் புதிய எருசலேம் ஆலயத்தின் பீடத்துக்கு முன் முழங்காலிட்டது. எனக்கும் அம்மா வெள்ளைச் சட்டை தைத்துவைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு, பெற்றோர் பக்கம், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். உபதேசியார் மகனுக்கே இல்லையாமே என்று முன் பெஞ்சில் ஒரு அம்மாள் பக்கத்தவரிடம் கேட்டார். என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க வைத்ததற்காக சாரை நான் வெகு நாள் வெறுத்தேன்.

ஆனால் அவர் என்னை விட்டுவிடவில்லை. அந்த வாரமே மாலை ஜெபத்துக்குப் பிறகு கூப்பிட்டார். ராஜ வீதியில் கோட்டை வரை நடந்தோம். கடலைப் பார்த்து உட்கார்ந்தபடி, அந்த விளக்கத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். என் சொந்தப் புத்தியினாலும் பலத்தினாலும் கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ என்னால் முடியாது என்று விசுவாசிக்கிறேன், என்று போகும் அது. நிறுத்தச் சொன்னார். "உன்னால முடியலைன்னு வகுப்புல சொன்னியே. லூத்தரும் அதைத்தான் முதல்ல சொல்றார். இத்தனை வருஷம் மனப்பாடமா சொன்னே. அன்னைக்குத்தான் முதல் வரியை மனசாரச் சொன்னே. மீதி வரட்டும், அவசரமில்லை." பரிசுத்த ஆவி அழைத்துச் சேர்க்கிறார் என்பதுதான் அந்த மீதி.

அப்புறம் பிராங்கே ஐயரின், அதாவது பிராங்கே பாதிரியாரின், கதையைச் சொன்னார். இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்கு ஐயரை நாம் எல்லோரும் அறிவோம். 1706 ஜூலை 9ஆம் தேதி, இருபத்துநான்கு வயதுகூட நிறையாமல், புளுட்சோ ஐயரோடு இதே தரங்கம்பாடிக் கரையில் இறங்கியவர். மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுதிப் பழகியவர். ஜெர்மனியில் அவர் படித்த ஹாலே நகரத்தையும் அங்கே இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயையும் வகுப்பில் பெயராக மட்டும்தான் கேட்டிருந்தோம். சார் சொன்னது வேறு. 1687இல் பிராங்கே வேதசாஸ்திரம் படித்த இளைஞர். லூனெபுர்க் என்ற ஊரில் பிரசங்கம் செய்யச் சொல்லி அழைப்பு. எடுத்துக்கொண்ட வசனம் யோவான் 20:31, "நீங்கள் விசுவாசிக்கும்படியாகவும்" இவைகள் எழுதப்பட்டிருக்கிறது என்கிற வசனம். பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்தவருக்கு, தான் பேசப்போகிற விசுவாசம் தன்னிடம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. வேதத்தையே நம்ப முடியவில்லை. தேவன் ஒருவர் இருக்கிறாரா என்பதே சந்தேகமாகிவிட்டது. நாள்கணக்கில் தவித்தார். கடைசியில், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அந்தத் தேவனை நோக்கியே முழங்காலில் விழுந்து கூப்பிட்டார். எழுந்தபோது சந்தேகம் போயிருந்தது. அந்த மனிதர் நடத்திய இடத்திலிருந்துதான் நமக்கு ஆள் வந்தார்கள், அச்சு இயந்திரம் வந்தது. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு இங்கேயே அச்சானது.

"ஒருத்தர் நம்ப முடியாம அழுததுலேருந்து வந்த சபைடா இது. நீ நம்பலைன்னு சொன்னா இந்தச் சபை இடிஞ்சு விழுந்துடாது" என்றார் சார். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் பிள்ளையின் தகப்பன் கண்ணீரோடு சத்தமிட்டுச் சொல்கிறானே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று. தினமும் படுக்கும்போது அதை மட்டும் சொன்னால் போதும், வேறு ஜெபம் இப்போதைக்கு வேண்டாம் என்றார். ஆண்டவர் அந்தத் தகப்பனிடம், முதலில் முழுசா நம்பிவிட்டு வா என்று சொல்லவில்லை. பிள்ளையைக் குணமாக்கினார். இந்த இடத்தை நான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வருஷம் எனக்குத் திடப்படுத்தல் ஆயிற்று. புயலில் செத்தவனைப் பற்றிய கேள்வி அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டே ஜெபிக்கப் பழகியிருந்தேன்.

பாவத்தைப் பற்றி அவர் நடத்திய பாடத்தையும் சொல்ல வேண்டும். நினைவினாலும் வார்த்தையினாலும் செய்கையினாலும் பாவம் செய்தேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். சிகரெட், சினிமா, பொய், காப்பி அடித்தல் என்று நாங்கள் பட்டியல் போடுவோம். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்பாட்டுக் கூடத்துல யார் யார் பக்கத்துல உட்கார்றீங்க?" என்று கேட்பார். கூடம் அமைதியாகிவிடும். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரில் எத்தனை பேர் சபையை விட்டு வெளியேறினார்கள் என்று சொல்வார். கிறிஸ்துவைப் பற்றி அவ்வளவு அருமையாகப் பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரே அந்த விஷயத்தில் சாதியின் பக்கம் நின்றார் என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கு வலிக்கும். சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை அவரைப்போல் உருகிப் பாட நம் பள்ளியில் ஆள் கிடையாது.

பிறகு தன் கதையைச் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு வகுப்புக்கும் சொன்னார் என்று பிற்பாடு தெரிந்தது. இளம் ஆசிரியராக இருந்தபோது கிராமச் சபை ஒன்றுக்குப் போயிருந்தார். ஆராதனை முடிந்து உபதேசியார் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். வயிறு சரியில்லை என்று வேண்டாம் என்றுவிட்டார். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. அரைமணி நேரத்துக்கு முன்புதான் அதே கைகளோடு நற்கருணைக்கு முழங்காலிட்டிருந்தார். "இதை ஆண்டவர் மன்னிச்சுட்டார்னு நம்பறேன். ஆனா அது செத்துடலை. செத்துடுச்சுன்னுதான் நினைப்பேன், வீட்டுல ஒரு கல்யாணப் பேச்சு வந்தா எழுந்து உட்கார்ந்துக்கும். தினம் காலையில அதைக் கொன்னுட்டுத்தான் பள்ளிக்கூடம் வரேன்" என்பார். பழைய ஆதாம், அதாவது நமக்குள் இருக்கும் பாவ சுபாவம், அன்றாடம் மனஸ்தாபத்தினால் அமிழ்ந்து சாகவேண்டும் என்று ஞானோபதேசத்தில் ஞானஸ்நானப் பகுதியில் படிக்கிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அந்த வீடு நம் வீடுதான் என்றார் அப்பா. காப்பி போட்டது அம்மா. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் ரெண்டு வருஷம் கழிச்சு வந்தார்ப்பா, என்று அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார். முன்னறிவிப்பில்லாமல் வந்து, வாசலில் நின்று, அன்று நான் பொய் சொன்னேன் என்று சொல்லிக் காப்பி கேட்டாராம். வீட்டில் பால் இல்லை. வெறும் கடுங்காப்பிதான். குடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டே போகிறேன் என்று உட்கார்ந்துகொண்டாராம். மறுநாளிலிருந்து எனக்குப் பாவ அறிக்கை வெறும் பாட்டாகக் கேட்கவில்லை. பாவத்தோடு ஒரு ஆள் நிஜமாகவே மல்லுக்கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். தர்க்கத்தால் எனக்கு யாரும் தராததை அது தந்தது.

படிப்பு, மாயவரத்தில் ஒரு வேலை, 1992இல் குவைத். எல்லாரும் போன பாதைதான். இங்கே வெள்ளிக்கிழமை ஆராதனை. ஒரே வளாகத்தில் பல மொழிச் சபைகள், ஒருவர் முடித்து வெளியே வர அடுத்தவர் உள்ளே போகிறோம். நன்றியோடுதான் சொல்கிறேன், இந்தச் சபை என்னைத் தாங்கியிருக்கிறது. ஆனாலும் விடுப்பில் ஊருக்குப் போனால் சாரைப் பார்க்காமல் திரும்பியதில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. தரங்கம்பாடிக் கடற்கரையில் சுனாமி என்ன செய்தது என்று இந்த மலரைப் படிக்கும் யாருக்கும் விளக்க வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகும் மீனவர் தெருப் பிள்ளைகளுக்கு சார் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களில் பலரை அவரே அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. தொலைபேசி கிடைக்கவே நாளாயிற்று. கிடைத்தபோது ஆறுதலாக ஏதாவது சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அவர்தான் பேசினார். "கோயிலுக்குப் போறேன் தம்பி. விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது என் வாய் மூடிக்குது. பக்கத்துல நிக்கிறவங்க சொல்றாங்க. நான் அதுக்குள்ள நின்னுக்கிட்டிருக்கேன். இப்போதைக்கு அவ்வளவுதான் முடியுது."

எத்தனையோ பையன்களின் சந்தேகத்தைச் சுமந்தவர் அவர். அவர் வாய் மூடிய நாட்களில், நான் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். உடனே கிளம்பிப் போயிருக்கலாம். விடுப்பு இல்லை என்பது உண்மை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதும் உண்மை.

2006 ஜூலையில், சீகன்பால்கு ஐயர் வந்து 300 ஆண்டு நிறைவானபோது போனேன். ஊரெல்லாம் கூட்டம், வெளிநாட்டு விருந்தினர்கள். சார் நடுவில் ஒரு தூணோரமாக இடம் பிடித்து வைத்திருந்தார். விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்தோம். இப்போது அவர் சொல்கிறார் என்பது கேட்டது. குரல் நடுங்கினாலும் வரி வரியாகச் சொன்னார். "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். நான் சொன்னேன். அடுத்து "நித்திய ஜீவனும்" என்று அவர் சேர்ந்துகொண்டார்.

அவருக்குப் பக்கத்தில் நின்று நான் அதைச் சொன்னது அந்த ஒரு முறைதான். மற்ற ஞாயிறுகளிலெல்லாம் சொன்னவர்கள் ஊரை விட்டுப் போகாதவர்கள்.