கடிகார பாசேஜும் நான் விட்ட நான்கு கேள்விகளும்

மாதிரித் தேர்வின் வாசிப்புப் பகுதியில், படித்துவிட்டுக் கேள்விகளுக்கு விடை குறிக்க வேண்டிய பாசேஜ்களில் அறிவியல், வரலாறு, பொருளாதாரம் என்று வந்தவை எல்லாம் ஒழுங்காகவே போயின. என்னைக் கவிழ்த்தது, 'அட, கதை மாதிரி இருக்கே, சுலபம்' என்று முதலில் எடுத்த பாசேஜ். ஐந்து கேள்வியில் ஒன்றுதான் சரி.

இறந்துபோன அம்மாவின் வீட்டை மகள் காலி செய்கிறாள். சுவரில் எப்போதும் இருபது நிமிடம் முந்தி ஓடும் ஒரு கடிகாரம். அம்மா அதைப் பார்த்துப் பார்த்து விரட்டியதால் சின்ன வயதில் பூட்டிய பள்ளிக் கதவுக்கு முன்னால் தனியாக நின்றது, பிள்ளைகள் கேலி செய்தது, அழுதது என்று இரண்டு பத்தி. கடைசிப் பத்தியில் அந்தக் கடிகாரத்தைத் தன் வீட்டில் மாட்டியிருக்கிறாள். முள்ளை இன்னும் திருத்தவில்லை.

தாயைப் பற்றி ஆசிரியரின், அதாவது இதை எழுதும் மகளின், மனநிலை என்ன என்று கேள்வி. நான் போட்டது 'தீராத கோபம்'. மூன்றில் இரண்டு பத்தி கோபம்தானே? சரியான விடை 'சிரிப்பு கலந்த பரிவு'. விளக்கம் என்ற இடத்தில் 'கடைசிப் பத்தியைப் பார்க்கவும்' என்று ஒரே வரி. பயிற்சி மையத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். "படிச்சா தெரியணும்ங்க" என்றார்கள். தெரிந்தால் எதற்குக் கேட்கப்போகிறேன்?

அதே மையம் சொல்லிக்கொடுத்த வழி இன்னும் மோசம். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் படி, மையக்கருத்து அங்கே இருக்கும் என்றார்கள். வாதக் கட்டுரைக்கு அது ஓரளவு பலிக்கும். தன்னனுபவக் கட்டுரையில் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒரு காட்சி, அவ்வளவுதான். இந்த வடிவத்துக்கு 'எஸ்ஸே' என்று பெயர் கொடுத்த பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் 1580-இல் தன் நூலுக்கு வைத்த அந்தச் சொல்லுக்கு 'முயற்சி' என்றுதான் பொருள். எழுதிக்கொண்டே தேடுகிறவர் முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிட மாட்டார். இது புரியாமல் மூன்று வாரம் ஏக்கம், எள்ளல், அங்கதம், கசப்பு என்று தொனிச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தேன். அத்தனையும் தண்டம். சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நான் தப்பு செய்யவில்லையே.

அப்புறம் ஒருநாள் கடிகார பாசேஜை மறுபடி எடுத்து, 'நான்' என்று வந்த இடத்தையெல்லாம் வட்டம் போட்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: அங்கே இருப்பது இரண்டு பேர். அழுதவள் எட்டு வயதுச் சிறுமி. எழுதுகிறவள் நடுவயதுப் பெண். கோபம் சிறுமியுடையது. கேள்வியோ எழுதுகிறவளைப் பற்றியது. 'இப்போது நானும் எல்லா இடத்துக்கும் முன்னாலேயே போய் நிற்கிறேன்' என்று அவளே சொல்லியிருக்கிறாள். முதல் தடவை அந்த வரியை வேகத்தில் தாண்டிப் போயிருக்கிறேன்! மையம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், போகட்டும்.

அன்றிலிருந்து காலம் மாறுகிற இடத்தில் பென்சிலை வைத்துவிடுவேன். இறந்தகாலத்தில் போய்க்கொண்டிருப்பது சட்டென்று நிகழ்காலத்துக்கு வந்தால், 'இப்போது', 'இன்று நினைத்தால்', 'ஆனாலும்' என்று ஏதாவது தட்டுப்பட்டால், ஆசிரியரின் தீர்ப்பு பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

இன்னொரு தப்பைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தத் தாய் ஏன் இப்படி அவசரப்பட்டாள் என்ற அனுமானக் கேள்விக்கு 'ஒருமுறை தாமதமாகப் போய் வேலை இழந்ததால்' என்று போட்டிருந்தேன். பாசேஜில் அப்படி ஒரு எழுத்துகூட இல்லை. அது என் வீட்டுக் கதை. என் அம்மாவின் காரணத்தை அந்த அம்மா தலையில் கட்டியிருக்கிறேன். மனதைத் தொடும் பாசேஜில் இந்த ஆபத்து அதிகம். அனுமானம் என்றாலும் எந்த வரியிலிருந்து அது வருகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த ஆப்ஷனை அடித்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஆப்ஷன்களைப் பார்ப்பதற்கு முன் விடையை என் சொற்களில் ஓரத்தில் கிறுக்கிவிடுவதும் பழக்கமாயிற்று. 'திட்டுகிறாள், ஆனால் பிடிக்கும்' என்ற அளவுக்குக் கிறுக்கினால் போதும். பாதி சரி, பாதி தப்பாக வரும் ஆப்ஷன்கள் அதோடு ஒப்பிட்டதுமே பல்லிளித்துவிடும். 'முழுமையான', 'எப்போதும்', 'தீராத' போன்ற சொற்களை இந்த வகை பாசேஜில் இரட்டிப்பாகச் சந்தேகப்படுகிறேன். இரண்டு மனதாக இருப்பதால்தானே இப்படி உட்கார்ந்து எழுதுகிறார்கள்? தப்பு நோட்டில் சரியான விடையை எழுதுவதை நிறுத்திவிட்டு, தப்பான ஆப்ஷன் என்னை எப்படி இழுத்தது என்று மட்டும் எழுதினேன். பட்டியல் செய்யாத வேலையை அந்த நோட்டு செய்தது.

உண்மையான தேர்வில் நடுவயதில் நீச்சல் கற்ற ஒருவரின் கட்டுரை வந்தது. பயிற்சியாளரை 'மாபெரும் தத்துவஞானி' என்கிறார். பழைய நானாக இருந்தால் 'மரியாதை' என்று போட்டிருப்பேன். அடுத்த வரியிலேயே அந்த ஞானி சொல்லிக்கொடுத்தது 'மூழ்காதே' என்ற ஒரே பாடம்தான் என்று இருந்தது. எள்ளல் என்று குறித்துவிட்டு நகர்ந்தேன். மூன்றாம் பத்தியில் 'இப்போது' வந்தபோது உள்ளுக்குள் சிரிப்பே வந்துவிட்டது.

ஆனால் ரசித்துப் படித்ததில் பதின்மூன்று நிமிடம் போய்விட்டது. கடைசி பாசேஜுக்கு மிஞ்சியது ஆறு நிமிடம். நல்லவேளை, அது வட்டி விகிதம் பற்றியது.