கூலியில் பிடித்த காசும் பாவசங்கீர்த்தனமும்

மட்டக்களப்பில் பெரும்போக வெட்டு முடிகிற நேரமும் தவக்காலமும் அநேகமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் வரும். வயல் கணக்கு தீர்ப்பது ஒரு பக்கம், கோயிலில் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தன வரிசை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தொடர்பில்லை என்ற நினைப்போடு வரிசையில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஞானோபதேச வகுப்பில் படித்த ஐந்து காரியங்களும் நம்மில் பலருக்கு மனப்பாடம்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் தரும் அபராதத்தை, அதாவது பரிகாரத்தை, தீர்ப்பது. ஆனால் போய் முழந்தாளிட்டதும், "பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை" என்று மூன்றாம் வகுப்பில் சொன்னதையே சொல்லிவிட்டு எழும்புகிறோம். சிலர் மருமகளின் பாவத்தையும் பக்கத்து வளவுக்காரரின் பாவத்தையும் சொல்வார்கள். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள். சாவான பாவம், அதாவது தெரிந்தும் மனதாரவும் செய்த கனமான பாவம், என்றால் என்ன பாவம், ஏறத்தாழ எத்தனை தடவை என்று சொல்ல வேண்டும், கதை தேவையில்லை. உண்மையில் மறந்துபோனது மற்றவற்றோடு மன்னிக்கப்படும், நினைவு வந்தால் அடுத்த முறை சொல்லலாம். வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் முழுவதுமே செல்லாது. ஆயித்தியமலை மாதா கோயில் திருவிழா நெரிசலில் இதையெல்லாம் நிதானமாகச் செய்வது கஷ்டம். சாதாரண கிழமை நாளொன்றில் பங்குச் சுவாமியைக் கேட்டுப் போவதே நல்லது.

"கடவுள்தான் சும்மா மன்னிக்கிறாரே, பிறகு எடுத்த காசை எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்?" என்ற கேள்விதான் பெரிய சிக்கல். மன்னிப்பு இலவசம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். லூக்கா நற்செய்தி 15இல் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகன் தகப்பனிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வருகிறான். 19ஆம் வசனத்தில் அவன் யோசித்த "உம் கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்ற பகுதி 21ஆம் வசனத்தில் இல்லை. அதைச் சொல்வதற்குள் தகப்பன் நல்ல அங்கியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மனஸ்தாபமே கடவுள் தரும் வரம் என்று திருச்சபை படிப்பிப்பதும் இதனால்தான்.

ஆனால் லூக்கா 19இல் வரி தண்டுகிறவரான சக்கேயுவைப் பாருங்கள். நாலு மடங்கு திருப்பித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்தது இயேசு அவர் வீட்டுக்கு வந்த பிறகு. காசு கொடுத்து இயேசுவைக் கூப்பிடவில்லை. இயேசு வந்ததால் காசை வைத்திருக்க முடியவில்லை. பழைய ஏற்பாட்டில் எண்ணிக்கை 5:7 கேட்பது முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. சக்கேயு அதையும் தாண்டிப் போகிறார்.

நமக்கு நாலு மடங்கு கட்டாயமில்லை. எடுத்ததையும், அதனால் மற்றவருக்கு வந்த நட்டத்தையும் ஈடுசெய்ய வேண்டும். வயலில் வேலை செய்தவரின் கூலியில் அநியாயமாக ஆயிரம் ரூபாய் பிடித்திருந்தால் அந்த ஆயிரம் அவருடையது. திருப்பிக் கொடுக்க வசதியிருந்தும் மனமில்லை என்றால் அங்கே மனஸ்தாபமே இல்லை. குரு பாவமன்னிப்பு வாசகம் சொன்னாலும் பலனில்லை. இப்போது கையில் காசில்லை என்றால், முடிந்ததும் கொடுப்பேன் என்ற உண்மையான தீர்மானம் போதும். முகத்தைக் காட்ட வேண்டும் என்றும் இல்லை. வேறொருவர் மூலமாகவோ, குருவே சம்மதித்தால் அவர் மூலமாகவோ கொடுக்கலாம். கேட்டதை யாருக்கும் சொல்லக்கூடாது என்ற பாவசங்கீர்த்தன முத்திரை இருப்பதால் கொடுத்தவர் யார் என்பது அவர் வாயிலிருந்து வராது.

உரியவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். தேடியும் ஆள் கிடைக்காவிட்டால் ஏழைகளுக்கு. ஆளும் வீடும் தெரிந்திருக்கும்போது அதைக் கோயில் உண்டியலில் போடுவது ஆகாது: அடுத்தவர் காசை மாதாவுக்கு நேர்ச்சையாக மாற்ற நமக்கு உரிமையில்லை.