காதில் விழுந்தது, தாளில் ஏறவில்லை

ஆங்கிலச் செய்திகள் புரிகின்றன, வேலையில் நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் பேச்சு. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் கேட்டல் பகுதிக்கென்று தனியாகப் படிக்க என்ன இருக்கிறது என்ற மிதப்பில்தான் இருந்தேன். முதல் மாதிரித் தேர்வில் 40க்கு 23 வந்தது. அது 6 பேண்ட், அதாவது இந்தத் தேர்வின் தரநிலைக் கணக்கில் 6. எனக்கு வேண்டியதோ 7. அதற்கு ஏறக்குறைய 30 விடைகள் சரியாக இருக்க வேண்டும்.

ஒலிப்பதிவின் உரை வடிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தவறிய 17 விடைகளையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். எனக்குத் தெரியாத சொற்கள் இரண்டே இரண்டுதான். மற்றவை எல்லாம் தெரிந்தே கோட்டை விட்டவை. அக்காமடேஷனுக்கு இரண்டு 'எம்'. நான் ஒன்றோடு நிறுத்தியிருந்தேன். பன்மைக்குரிய 'எஸ்' மூன்று இடங்களில் இல்லை. இரண்டு சொற்களுக்கு மிகாமல் எழுதச் சொன்ன இடத்தில் மூன்று சொற்கள் எழுதியிருந்தேன். பெரிய இழப்பு வேறு மாதிரியானது: 14ஆம் கேள்வியின் விடை நழுவியதும் 'என்ன சொன்னான், என்ன சொன்னான்' என்று மனத்துக்குள் புலம்பிக்கொண்டிருந்ததில் 15, 16, 17 மூன்றும் காதைக் கடந்து போய்விட்டன. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். புலம்ப நேரம் கிடையாது.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். எத்தனை மதிப்பெண் என்பதை அதில் எழுதுவதில்லை. எதனால் தவறியது என்பதை மட்டும் எழுதினேன். மாதிரித் தேர்வுகளை வரிசையாக எழுதித் தள்ளுவதைவிட, ஒரு தேர்வை எழுதிவிட்டு அதையே இரண்டு நாள் நோண்டுவதுதான் எனக்குப் பலன் தந்தது. ஆங்கிலப் படங்களை வசன வரிகளோடு பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். கண் படித்துக்கொண்டிருந்தது, காது தூங்கிக்கொண்டிருந்தது.

உண்மையில் கைகொடுத்தது சொல்வதெழுதுதல். ஒரு நிமிடப் பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதிப் பார்ப்பது. 'மைட் ஹேவ் பீன்' என்று நான் பள்ளியில் படித்த மூன்று சொற்கள் பதிவில் 'மைட்டவ்பின்' என்று ஒரே உருண்டையாக வந்து விழுந்தன. பத்து முறை கேட்டும் பிடிபடவில்லை. உரையைப் பார்த்த பிறகு பதினோராவது முறை தெளிவாகக் கேட்டது. பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடங்களும் அப்படித்தான். ஆஸ்திரேலிய உச்சரிப்பில் 'ஏ' என்ற எழுத்து என் காதுக்கு 'ஐ' என்றே விழுந்தது. தொலைபேசி எண்ணில் பூஜ்யத்தை 'ஓ' என்பார்கள், அடுத்தடுத்து வரும் இரண்டு ஏழுகளை 'டபுள் செவன்' என்பார்கள். தர்ட்டீனா, தர்ட்டியா என்பதற்கு அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று கவனிக்கப் பழகினேன்.

நான்கு பாகங்களில் முதல் இரண்டும் அன்றாட வாழ்க்கையைச் சேர்ந்தவை, எளிதுதான். ஆனால் பொறியும் அங்கேதான் இருக்கிறது. 'செவ்வாய்க்கிழமை வரட்டுமா?' என்பார் ஒருவர். பேனா உடனே செவ்வாய் என்று எழுதிவிடும். 'அன்று எனக்கு வேறு வேலை, வியாழன் வைத்துக்கொள்ளலாம்' என்பார் மற்றவர். முதலில் கேட்டதை அப்படியே எழுதுகிறவனுக்கென்றே வைத்த கண்ணி அது. மூன்றாம் பாகத்தில் மாணவர்களின் கலந்துரையாடல். கொள்குறி வினா வந்தால் மூன்று விருப்பங்களில் உள்ள சொற்களும் பேச்சில் வரும். கேட்ட சொல் கேள்வித்தாளில் அப்படியே இருந்தால் நான் சந்தேகப்படத் தொடங்கினேன். விடை பெரும்பாலும் வேறு சொல்லில் ஒளிந்திருந்தது. நான்காம் பாகம் ஒருவரே ஆற்றும் கல்லூரி விரிவுரை, நடுவில் இடைவேளையே கிடையாது.

இதற்கிடையில் ஒரு முட்டாள்தனம். இரண்டு மாதம் தாளில் பழகிவிட்டு, கணினித் தேர்வுக்குப் பதிவு செய்திருந்தேன். தாளில் எழுதினால் விடைகளை நிதானமாகப் பெயர்த்தெழுத 10 நிமிடம் தனியாகத் தருவார்கள். கணினியில் கேட்கும்போதே தட்டச்சு செய்துவிட வேண்டும். சரிபார்க்க 2 நிமிடம்தான். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது. அந்த இரண்டு வாரமும் தாளைத் தொடவில்லை.

தேர்வன்று விரிவுரையின் நடுவில் 36ஆம் கேள்வி நழுவியது. வயிற்றில் பழைய பதற்றம் எட்டிப் பார்த்தது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், பொருந்தும்போல் தோன்றிய ஒரு சொல்லைத் தட்டிவிட்டு 37க்குப் போய்விட்டேன். மீதி நான்கும் கிடைத்தன என்றே நினைக்கிறேன்.

கேட்டலில் 7.5 வந்தது. எழுதுதலில் 6.5தான், அது தனிக்கதை.