லாஸே இல்லாம பாதி பாக்கெட் கறுப்பு

ரெண்டு நாளா மண்டைய குடைஞ்சது இன்னைக்குத்தான் பிடிபட்டுச்சு. வழியில தொலைஞ்ச பாக்கெட்ட டிசிபி (டேட்டா முழுசா போய்ச் சேருறத பாத்துக்குற புரோட்டோகால்) திருப்பி அனுப்புமே, அந்த ரீட்ரான்ஸ்மிஷன கண்ணால பாக்கணும்னு லினக்ஸ்ல மூணு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே மெஷினுக்குள்ள தனித்தனி மெஷின் மாதிரி நடந்துக்குற நெட்வொர்க்) போட்டேன், ஒரு பக்கம் சர்வர், மறுபக்கம் கிளையண்ட், நடுவுல ரவுட்டர். பாக்கெட்ட தூக்கிப் போடுற நெட்எம்ம நடு ரவுட்டர்ல வைக்கிறதுதான் நல்லது, அனுப்புற மெஷின்லயே வெச்சா விழுந்தது அங்க இருக்குற டிசிபிக்கே தெரிஞ்சு போய் லாஸே ஆகாத மாதிரி நடந்துக்கும் (மேனுவல்லயே எழுதியிருக்கான், நான்தான் லேட்டா படிச்சேன்).

2% லாஸ் வெச்சு 20 எம்பி ஃபைல் ஒண்ண இழுத்தேன். ரவுட்டர்ல எந்த இன்டர்ஃபேஸ்னு யோசிக்க சோம்பேறித்தனப்பட்டு 'எனி'ன்னு (எல்லா இன்டர்ஃபேஸும்) குடுத்து, பாக்கெட்ட பதிவு பண்ற டிசிபிடம்ப்ப ஓட்டினேன். அந்தப் பதிவ வயர்ஷார்க்ல (பாக்கெட்ட பிரிச்சு காட்டுற சாஃப்ட்வேர், சிக்கலான பாக்கெட்ட கறுப்புல காட்டும்) தொறந்தா கிட்டத்தட்ட பாதி பாக்கெட் கறுப்பு, ரீட்ரான்ஸ்மிஷன், டூப்ளிகேட் ஆக் (வாங்குற பக்கம் திரும்பத் திரும்ப அனுப்புற அதே ரசீது), அவுட் ஆஃப் ஆர்டர் (வரிசை மாறி வந்தது). சரி நெட்எம்தான் ஓவரா தின்னுதுன்னு 0.5% ஆக்கினேன், கடைசில லாஸையே எடுத்துட்டேன், அப்பவும் பாதி கறுப்பு!

அப்புறம்தான் ஒரு ஜோடிய எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தேன். அதே சீக்வன்ஸ் நம்பர் (டேட்டால எந்த இடத்து துண்டுன்னு சொல்றது), அதே நீளம், ஐபி ஹெட்டர்ல ஐடென்டிஃபிகேஷன் நம்பரும் அதே, டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டர தாண்டும்போதும் ஒண்ணு குறையுற எண்) மட்டும் முதல்ல 64, அடுத்ததுல 63. அட, ஒரே பாக்கெட் ரவுட்டருக்குள்ள வரும்போது ஒரு தடவ, வெளிய போகும்போது ஒரு தடவ பதிவாகியிருக்கு. நிஜமா திருப்பி அனுப்பியிருந்தா லினக்ஸ் புது ஐடி போட்டிருக்கும். இப்ப ஐடியையும் டிடிஎல்லையும் தனி காலமாவே வெச்சுட்டேன்.

'எனி'ய விட்டுட்டு ரெண்டு முனையிலயும் தனித்தனியா கேப்சர் எடுத்தேன், லாஸ் மறுபடி 2%, கூடவே போக 20 வர 20 மில்லிசெகண்ட் டிலே. (டேட்டாவ சின்ன பாக்கெட்டா வெட்டுற வேலைய கடைசிக்கு தள்ளிப் போடுற செக்மென்டேஷன் ஆஃப்லோட ஆஃப் பண்ணலன்னா 60,000 பைட்டுக்கு மேல ராட்சச பாக்கெட்டா தெரியும், எண்ணவே முடியாது.) சர்வர் பக்கம் கணக்கு கரெக்டா வந்துச்சு, சுமார் 14,500 பாக்கெட்ல 290 போல ரீட்ரான்ஸ்மிஷன், ஒவ்வொண்ணுக்கும் ஒரிஜினல் மேலயே இருக்கு. கிளையண்ட் பக்கம் ஒரிஜினல் வரவே இல்லல்ல, அதனால முதல்ல 'ப்ரீவியஸ் செக்மென்ட் நாட் கேப்சர்ட்' (முந்தின துண்டு பதிவுல இல்ல), அப்புறம் திரும்பி வந்த பாக்கெட்டுக்கு ஒரு இடத்துல ஃபாஸ்ட் ரீட்ரான்ஸ்மிஷன், இன்னொரு இடத்துல அவுட் ஆஃப் ஆர்டர்னு பேரு. வயர்ஷார்க் நேரத்த வெச்சு ஊகிக்குது அவ்ளோதான், ரெண்டு டூப்ளிகேட் ஆக்காவது போய் 20 மில்லிசெகண்டுக்குள்ள அந்த பாக்கெட் வந்தா ஃபாஸ்ட்டுங்குது, இல்லாம ஹேண்ட்ஷேக்ல (கனெக்‌ஷன் தொடங்குறப்ப) அளந்த ஆர்டிடிக்குள்ள (போய்ட்டு வர ஆகுற நேரம்) வந்தா வரிசை மாறி வந்துச்சுங்குது.

கடைசியா ஒரு விளையாட்டு, டவுன்லோட் நடுவுல 5 செகண்டுக்கு லாஸ 100% ஆக்கினேன். டூப்ளிகேட் ஆக் அனுப்ப அந்தப் பக்கம் எதுவும் போய்ச் சேரல, அதனால ரசீது வராம நேரம் முடிஞ்சா திருப்பி அனுப்புற டைமர் மட்டும்தான். சர்வர் கேப்சர்ல ஒரே சீக்வன்ஸ் நம்பர் திரும்பத் திரும்ப, இடைவெளி கிட்டத்தட்ட 240 மில்லிசெகண்ட், 480, 960, 1920ன்னு டபுள் டபுளா. லாஸ எடுத்ததும் உடனே ஓடும்னு நெனச்சேன், ஓடல, அடுத்த டைமர் 3840ல இருந்துச்சு, லைன் சுத்தமா கிடக்க சர்வர் ரெண்டரை செகண்ட் போல கம்முன்னு உக்காந்திருந்துச்சு.