சுரைப்பூவுக்கு அந்தி நேரம்

சுரைப்பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் உடனே உரத்தைத் தேடாதீர்கள். பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். பூசணிப்பூ மாதிரி சுரைப்பூ காலையில் விரியாது. பொழுது சாயும்போது வெள்ளை வெளேரென மலர்ந்து, மறுநாளே வாடிவிடும். அந்த அழகைப் பார்க்கவே சாயங்காலம் பந்தலடியில் நிற்கலாம். இருட்டியதும் தேன் தேடி அந்துப்பூச்சிகள் வரும். மாடித்தோட்டத்தில் அவை வராவிட்டால் நாம்தான் கைகொடுக்க வேண்டும்.

நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண்பூ. அடியில் குட்டிச் சுரைக்காயோடு இருப்பது பெண்பூ. மாலை 6 மணிக்குமேல், அப்போது விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். சில நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது. பழ ஈ குத்தாமலிருக்கத் துணிப்பை கட்டுங்கள். முதலில் ஆண்பூக்களாகவே வரும். அதற்காகக் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.